வசியத்தில் போன தையல் மெஷின்

சுமியாத்தி: ஓரக்கண்ணால பாக்காதீங்க.

வாகிரான்: பாக்கல.

சுமியாத்தி: இமை துடிக்குது.

வாகிரான்: ஆழமாப் போயிட்டிருக்கேன் சுமி. அதான்.

சுமியாத்தி: நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.

வாகிரான்: அப்படியா... எனக்குச் சீக்கிரம் பிடிச்சுக்கும். அந்தச் செடிக்காரன் வீடியோ கால்ல என் கண்ணை ஒரு பார்வை பாத்தான், அவ்வளவுதான். நினைவு வந்தப்போ அவன் ஆள் வந்துட்டுப் போயிருக்கான், கையில ஓட்டை இலைச் செடி. உன் தையல் மெஷின் தலையைக் காணோம். காலால மிதிக்கிற ஸ்டாண்டு மட்டும் நிக்குது.

சுமியாத்தி: தெரியும். அந்த மொட்டை ஸ்டாண்டு முன்னாடி உக்காந்துதான் தினம் கையால மாஸ்க் தைக்கிறேன். விரலைப் பாத்தீங்களா? ஆர்டர் குடுத்த மருத்துவச்சி அம்மா நாளைக்குக் காலையில மாஸ்க் வாங்க ஆள் அனுப்புவாங்க. பாதிகூட முடியல. இந்த ஆர்டர் போச்சுன்னா அடுத்தது வேற தெருவுக்குப் போயிடும்.

வாகிரான்: நானா குடுத்தேன்? வசியம். உன் தம்பி பஸ் ஸ்டாண்டுல முன்னபின்ன தெரியாதவன்கிட்ட மோட்டார் சைக்கிள் சாவியைக் குடுத்துட்டு நடந்து வந்தானே, வசியம்னு சொன்னான். அவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? கோழி அடிச்சுல்ல சோறு போட்டீங்க.

சுமியாத்தி: அவன் பேயறைஞ்ச மாதிரி வந்தான். நீங்க வந்து "டீ இருக்கா"ன்னு கேட்டீங்க.

வாகிரான்: அதிர்ச்சி ஆளுக்கு ஒரு மாதிரி வரும்.

சுமியாத்தி: சரி. அதுக்குத்தான் நானும் போன்ல இந்த வகுப்புல சேர்ந்தேன். "வீட்டிலிருந்தே வசியக் கலை." வாத்தியார் என்ன சொல்றார்னா, சில பேருக்குத்தான் மயங்குற சுபாவமாம். அது இல்லாத ஆளை எந்தக் கொம்பனாலயும் மயக்க முடியாதாம்.

வாகிரான்: ஓ...

சுமியாத்தி: அதனால, இன்னிக்கு நீங்க மயங்கலன்னா அன்னிக்கும் மயங்கியிருக்க முடியாது. புரியுதா?

வாகிரான்: ...கை கனமாகுது சுமி.

சுமியாத்தி: கையைப் பத்தி நான் சொல்லவே இல்ல.

வாகிரான்: தானா கனமாகுது. நீ நல்லாப் பண்ற.

சுமியாத்தி: வலது கையை நீட்டுங்க. அது இரும்புக் கம்பி. மடங்காது. வளையாது. மூச்சை உள்ள இழுங்க... விடுங்க... அடச்சே, விளம்பரம் வந்துடுச்சு. அப்படியே மயக்கத்துல இருங்க.

வாகிரான்: எவ்வளவு நேரம்?

சுமியாத்தி: மயக்கத்துல இருக்கறவங்க நேரம் கேக்கமாட்டாங்க.

வாகிரான்: கேக்கல.

சுமியாத்தி: ம்... விளம்பரம் முடிஞ்சுது. இப்போ வாயைத் திறங்க. இது வெல்லம். நல்ல பனைவெல்லம். மென்னு தின்னுங்க.

வாகிரான்: ம்ம்... ஹா... ஹா...

சுமியாத்தி: எப்படி இருக்கு?

வாகிரான்: இனி... இனிக்குது.

சுமியாத்தி: கண்ணுல தண்ணி வருதே.

வாகிரான்: ரொம்ப இனிப்பு. எங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சு.

சுமியாத்தி: விதையோட குட்டி மிளகாய் தின்னுட்டு அம்மா ஞாபகமா. சரி, உங்களுக்கு நிஜமாவே மயங்குற சுபாவம்தான் போல.

வாகிரான்: நான்தான் சொன்னேனே. எழுப்பிடு. தண்ணி வேணும்.

சுமியாத்தி: எழுப்புற பாடம் இன்னும் வரல. அசையாம இருங்க. எனக்கு வேற வேலை இருக்கு.

வாகிரான்: என்ன வேலை?... சுமி?... அது என்ன சத்தம்?

சுமியாத்தி: உங்க கவலையெல்லாம் ஒவ்வொண்ணா அறுந்து விழுற சத்தம்.

வாகிரான்: கத்தரிக்கோல் மாதிரி இருக்கு.

சுமியாத்தி: கத்தரிக்கோலேதான். ஒரு வகுப்புல சேர்ந்தா இன்னொண்ணு சும்மா குடுக்கறாங்க. செடி பெருக்குற வகுப்பு. இந்த ஓட்டை இலைச் செடி இருக்கே, தண்டுல கணு கணுவா இருக்கும், ஒவ்வொரு கணுவுலயும் ஒரு குட்டி வேர் தூங்கிட்டிருக்கும். கணுவுக்குக் கீழ வெட்டித் தண்ணியில போட்டா அது முழிச்சுக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. ஊரடங்குல எல்லாரும் இந்தச் செடிக்குத்தான் பணத்தைக் கொட்டறாங்க.

வாகிரான்: வெட்...டிட்டியா?

சுமியாத்தி: ஒரு துண்டுதான் இப்போதைக்கு. பக்கத்து வீட்டு கஸ்மி அக்கா, ரெண்டு மூணு துண்டு குடுத்தா அவங்க பழைய மெஷினை ராத்திரிக்கே அனுப்புறேன்னாங்க.

வாகிரான்: சுமி, அந்தச் செடி... அது வெட்டுற ஜாதி இல்லன்னு என் ஆழ்மனசு சொல்லுது.

சுமியாத்தி: உங்க ஆழ்மனசு எந்த வகுப்புல படிச்சுது? இந்தா, ரெண்டாவது.

வாகிரான்: ஐயோ.

சுமியாத்தி: வலிக்குதா? வேணும்னா கண்ணைத் திறந்து பாருங்க. திறந்தா நீங்க மயங்கலன்னு அர்த்தம். அவ்வளவுதான்.

வாகிரான்: திறக்கல. திறக்க முடியல. இமை இரும்பு.

சுமியாத்தி: கைதான் இரும்பு.

வாகிரான்: பரவிடுச்சு.

சுமியாத்தி: நல்லது. இப்போ உச்சி. புதுசா ஒரு இலை சுருட்டி வச்சிருக்கு பாருங்க... சாரி, பாக்காதீங்க. அதுக்குக் கீழதான் வெட்டப்போறேன்.

வாகிரான்: நிறுத்து. சுமி, மயக்கத்துல இருக்கறவன் பேசினா அவனைத் திட்டலாமா? பாடத்துல என்ன சொல்லியிருக்கு?

சுமியாத்தி: திட்டக்கூடாது. திட்டினா அப்படியே உறைஞ்சு போயிடுவாங்களாம்.

வாகிரான்: அப்போ நான் ஒரு சேதி சொல்றேன். நான் சொல்லல. என் ஆழ்மனசு சொல்லுது.

சுமியாத்தி: சொல்லட்டும்.

வாகிரான்: அந்தச் செடி நம்மளது இல்ல. தெருத் தலைவர் ஹர்டோயோ அண்ணனோடது. கொரோனான்னு அவங்க குடும்பத்தையே முகாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்கல்ல, அன்னிக்கு என்கிட்ட குடுத்து, தினம் இலையைத் துடைச்சு விடுன்னார். செடிக்காரன், வசியம், ஒண்ணும் கிடையாது.

சுமியாத்தி: ...அப்போ மெஷின்?

வாகிரான்: நம்ம ஜீப்புல. பின்சீட்டுக்கு அடியில, தார்ப்பாய்க்குள்ள. துண்டு துண்டா.

சுமியாத்தி: துண்டு துண்டாவா?

வாகிரான்: திட்டக்கூடாது.

சுமியாத்தி: திட்டல. ஏன் பிரிச்சீங்க?

வாகிரான்: மலைக்கு டூரிஸ்ட் இல்ல. ஜீப் சும்மா கிடக்கு. நானும் சும்மா கிடக்கேன். நீ மட்டும் பொழுதெல்லாம் மிதிக்கிற. நானும் தையல் கத்துக்கிட்டு உனக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணலாம்னு ஆன்லைன்ல சேர்ந்தேன். நீ மருத்துவச்சி வீட்டுக்குப் போன நேரம் பாத்து உக்காந்தேன். துணியில ஓட்டை ஓட்டையா விழுந்துதே தவிர நூல் நிக்கல. சரி, என்னதான்னு பாப்போம்னு கீழ திறந்தேன்.

சுமியாத்தி: திறந்தா?

வாகிரான்: அது எவ்வளவு அழகா வேலை செய்யுது தெரியுமா? ஊசி நூலோட கீழ இறங்குதா? அப்படியே திரும்பி மேல வரும்போது நூல் கொஞ்சம் தளர்ந்து ஒரு கண்ணி விடும். இத்தனூண்டு கண்ணி. அந்த நேரம் பாத்து, கீழ ஒரு கொக்கி இருக்கும், பிறை நிலா மாதிரி, அது மூக்கை நீட்டி அந்தக் கண்ணியைப் பிடிச்சு, கீழ் நூல் சுத்தின பாபினை முழுசா ஒரு சுத்து சுத்தி விட்டுடும். மேல் நூலும் கீழ் நூலும் ஒண்ணையொண்ணு கட்டிக்கும். அதான் ஒரு தையல். அடுத்த குத்துக்கு மறுபடியும் முதல்ல இருந்து. இப்போ உன் விரல் ஊசின்னு வச்சுக்கோ, என் கை...

சுமியாத்தி: இரும்புக் கம்பி மடங்குது.

வாகிரான்: ...கொஞ்சம் இளகிடுச்சு.

சுமியாத்தி: கண்ணும் திறந்திருக்கு.

வாகிரான்: என்ன இது. கீரையா?

சுமியாத்தி: கங்குங். ராத்திரிச் சோத்துக்கு.

வாகிரான்: நீ கீரைத் தண்டைத்தான் வெட்டினியா? செடி?

சுமியாத்தி: அதோ, ஜன்னல்கிட்ட முழுசா இருக்கு. அடுத்தவங்க செடி மேல நான் கை வைப்பேனா? ஹர்டோயோ அண்ணன் சம்சாரம் முகாம்ல இருந்து தினம் எனக்கு போன் பண்ணி, "புது இலை விரிஞ்சுதா"ன்னு கேக்கறாங்க.

வாகிரான்: தெரிஞ்சுக்கிட்டேதான் என் வாயில மிளகாயைத் திணிச்சியா?

சுமியாத்தி: செடி கதை பொய்னு தெரியும். மெஷின் எங்கன்னு தெரியாதே. ஜீப்புல போய் யாரு தேடுவா? சரி விடுங்க. போய் எடுத்துட்டு வாங்க. மாட்டுங்க. எனக்கு நாளைக்குள்ள வேணும்.

வாகிரான்: மாட்டலாம். கண்ணைக் கட்டிக்கிட்டுகூட மாட்டுவேன். நீ தூங்கினப்புறம் எத்தனை தடவை மாட்டிப் பாத்துட்டேன் தெரியுமா. தைக்காது.

சுமியாத்தி: ஏன்?

வாகிரான்: சொன்னேனே, அந்தப் பிறைக் கொக்கி. வாத்தியார் வீடியோவுல இருக்கு, நம்ம மெஷின்ல இல்ல. நான் சாய்ச்சுத் திறந்தப்போ எங்கயோ விழுந்திருக்கணும். ஸ்பீக்கர் காந்தத்தைக் கயித்துல கட்டி வீடெல்லாம் இழுத்தேன். ஆணி வந்துது. உன் தொலைஞ்ச கொண்டை ஊசியெல்லாம் வந்துது. அது வரல.

சுமியாத்தி: அதான் அன்னிக்குக் கட்டிலுக்கு அடியில படுத்து முதுகுவலிக்கு யோகான்னு சொன்னீங்களா.

வாகிரான்: ம். மெஷின் உங்க அம்மா குடுத்தது. கடையெல்லாம் மூடியிருக்கு, அந்தப் பழைய மாடலுக்கு உதிரி கிடைக்கவும் கிடைக்காது. உன் பொழைப்பையே கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது? வசியம்னா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. திட்டணும்னா திட்டிடு. இப்போ முழிச்சுட்டேன்.

சுமியாத்தி: திட்டல. அந்தக் கொக்கி... அது நிஜமாவே நீங்க பிரிச்சப்போதான் விழுந்துச்சா?

வாகிரான்: வேற எப்போ விழும்? முந்தின நாள்வரைக்கும் நீ தைச்சுட்டுத்தானே இருந்தே. ஆனா கவலைப்படாதே. வழி பண்ணிட்டேன்.

சுமியாத்தி: என்ன வழி?

வாகிரான்: ஜீப்பை விக்கப் பேசிட்டேன். மலை எப்போ திறப்பாங்கன்னு யாருக்குத் தெரியும். சாயங்காலம் ஆள் வர்றான். அவன் வீட்டுல புது மெஷின் ஒண்ணு பிரிக்காம இருக்காம், அதையும் சேத்துத் தர்றேன்னான். வர்றப்பவே வண்டியில ஏத்திட்டு வருவான்.

சுமியாத்தி: ஜீப்பையா? அதை விட்டா உங்களுக்கு என்ன தெரியும்?

வாகிரான்: இப்போ தையல் எப்படி விழுதுன்னு தெரியுமே.

சுமியாத்தி: விளையாடாதீங்க. மலை திறந்தா என்ன பண்ணுவீங்க? விடியக்காலம் நாலு மணிக்கு எல்லாரும் டூரிஸ்டை ஏத்திட்டுப் போறதை வாசல்ல நின்னு பாப்பீங்களா?

வாகிரான்: தொலைச்சது நான். நான்தான் ஈடு கட்டணும். அதுல பேச்சே இல்ல... ஹாரன் கேக்குது பாரு. அவன்தான். சாவி எங்க?

சுமியாத்தி: சாவியைக் குடுக்காதீங்க.

வாகிரான்: வாக்கு குடுத்துட்டேன் சுமி. நகரு.

சுமியாத்தி: அவனைத் திருப்பி அனுப்புங்கன்னு சொல்றேன்ல. அந்தக் கொக்கி அரிசி டப்பாவுல இருக்கு. நீங்க பிரிக்கறதுக்கு முந்தின நாள் ராத்திரி நான்தான் அதைக் கழட்டினேன், "உங்கள் தையல் மெஷினை நீங்களே சுத்தம் செய்யுங்கள்"னு ஒரு வகுப்பு... கழட்டுற பாடம் முடிஞ்சு மாட்டுற பாடம் வர்றதுக்குள்ள டேட்டா தீர்ந்துடுச்சு.