டிராக்டரில் கேட்கும் இங்கிலீசுப் பாட்டு

கிளிநொச்சியிலிருந்து வட்டக்கச்சிக்குப் போகும் மத்தியான பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த கமக்காரர் பக்கத்து சீற்றிலிருந்த டீச்சரிடம் சொன்னார்:

“வயல் உழேக்கை கேக்கிறதெண்டால் இங்கிலீசுப் பாட்டுத்தான், டீச்சர்.”

டீச்சர் சிரித்தார். கமக்காரர் தன் போனை நீட்டினார். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிற்றாரும் வயலினுமாக வெளிவந்து, யாரும் வாங்காமல் போன பாட்டுத்தட்டு ஒன்று யூடியூப்பில் இருந்தது. அதன் கீழே கமக்காரர் ‘நல்ல பாட்டு’ என்று தமிழில் எழுதியிருந்தார். பாடியவரே இங்கிலீசில் பதில் போட்டிருக்கிறாராம்.

டீச்சர் வாசித்தார். “உங்களுக்கு எந்த வரி பிடிச்சது எண்டு கேக்கிறார்.”

“ஐயோ, எனக்கு ஒரு வரியும் விளங்காதே! சொன்னால் மனுசன் கவலைப்படுமோ?”

“பொய்யா ஒண்டு எழுதட்டோ?”

“வேண்டாம். வரி விளங்கேல்லை, ஆனா மூண்டாவது பாட்டு வந்தால் டிராக்டரை நிப்பாட்டிப்போட்டுக் கேக்கிறனான் எண்டு எழுதுங்கோ.”

டீச்சர் எழுதி அனுப்பினார். இரண்டு தரிப்பிடம் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

“கோவமோ?”

“இல்லை, நல்ல சந்தோசமாம். ஆனா மற்றப் பாட்டுகளுக்கு ஏன் நிப்பாட்டேல்லை எண்டு கேக்கிறார்.”

கமக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “மழைக்கு முதல் உழுது முடிக்கவேணும் எண்டு எழுதுங்கோ, டீச்சர்.”