மூடியின் மேல் சிவப்புச் சொட்டு

இந்த ஸ்டேஷன் அறை ஜன்னல் கம்பிக்கு யார் பெயிண்ட் அடித்தது என்று தெரியவில்லை. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். இரண்டு மழைக்குத் தாங்காது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள் சார். இருபது வருஷமாக இதே பிழைப்பில் இருப்பவனுக்கு எங்கே போனாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது.

என் பெயர் ராஜேந்திரன், வயது நாற்பத்தாறு. பெங்களூர் மர்பி டவுனில் பவுடர் கோட்டிங் கடை வைத்திருக்கிறேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுத வராது. அதனால் தமிழிலேயே எழுதித் தருகிறேன், உங்கள் ரைட்டர் யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளட்டும். யாரும் என்னை மிரட்டவில்லை. காலையில் நானாகத்தான் வந்தேன். நீங்கள் அடைத்துவைத்திருக்கும் மெக்கானிக் சுந்தரத்துக்கும் சிரில் சாருடைய சாவுக்கும் சம்பந்தம் இல்லை. அவனை விட்டுவிடுங்கள்.

எப்படி என்று புரிய வேண்டுமானால் எங்கள் தொழில் கொஞ்சம் புரிய வேண்டும். புல்லட் வண்டியின் இஞ்சின் மூடிகள் அலுமினியத்தில் வருகின்றன. நாள்பட்டால் வெளுத்து, எண்ணெய்க் கறை ஏறி, பார்க்கச் சகிக்காது. கழற்றி என்னிடம் கொண்டுவருவார்கள். நான் சன்னமான கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்து மேல்பரப்பைச் சுத்தம் செய்வேன். பூச்சு படக் கூடாத இடங்களை டேப்பால் மறைத்து, பவுடரைத் தூவி, இருநூறு டிகிரியில் வேகவைத்தால் புதுசு தோற்றுப்போகும். என் அடுப்பு பிரேசர் டவுனில் மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து வாங்கியது. முதல் மாதம் எல்லா மூடியும் கேக் வாசனையோடு போனதாக சுந்தரம் கேலி செய்துகொண்டே இருப்பான்.

வலது பக்கம் வரும் டைமிங் கவர் மட்டும் வெறும் மூடி இல்லை. அதன் உடம்புக்குள்ளேயே எண்ணெய் போகும் துளைகள் உண்டு. அந்த வழியாகத்தான் இஞ்சினின் நடுவில் இருக்கும் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேருகிறது. நாங்கள் அடிக்கும் கண்ணாடி மணிகள் அந்தத் துளைக்குள் புகுந்துகொள்ளும், எண்ணெயோடு போனால் பேரிங்கை அரைத்து இஞ்சினை இறுக்கிவிடும். எனவே பூச்சு முடிந்ததும் துளை முனையில் இருக்கும் திருகைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, தூரிகை விட்டு, காற்றடித்து, மூன்று முறை கழுவ வேண்டும். கழுவியபின் திருகைப் போட்டு அதன் தலையில் ஒரு சொட்டு சிவப்புப் பெயிண்ட் வைப்பேன். எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம், கழுவியாயிற்று என்பது. சிவப்பு இருந்தால் மெக்கானிக் திறந்து பார்க்க மாட்டான். திறந்தால் என்னை நம்பவில்லை என்றாகிவிடும். பதினோரு வருஷத்தில் சுந்தரம் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

டேப் ஒட்டுவது விஜியின் வேலை. முப்பத்து மூன்று வயது. புருஷன் மஞ்சள்காமாலையில் போன மறுவருஷம் என் கடைக்கு வந்தாள், ஆறு வருஷம் ஆகிறது. பிளேடால் அவள் டேப் வெட்டினால் மயிரிழை பிசகாது. கம்ப்ரஸர் சத்தத்தில் பேசினால் கேட்காது என்பதால் நாங்கள் பேசாமலே வேலை செய்யப் பழகிவிட்டோம். நான் கையை நீட்டினால் எது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். எல்லோரும் பொதுவாகக் கூப்பிடுவதுதானே, அதை நான் பெரிதுபண்ணவில்லை. என் விரல் அவள் மேல் பட்டதில்லை. அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். வேலை முடிந்து அவள் வீட்டு முனை திரும்பும் வரை தினமும் நூறடி பின்னால் நடந்து போவேன். அது அவளுக்குத் தெரியாது.

சிரில் சார் ரிச்சர்ட்ஸ் டவுனில், அப்பா விட்டுப்போன வீட்டில், அக்கா மௌரீனுடன் இருந்தார். தபால் ஆபீஸ் உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. நல்ல மனுஷன், அதை நான் மறைக்க விரும்பவில்லை. அப்பாவின் எழுபத்தெட்டாம் வருஷத்துப் புல்லட்டைப் போன வருஷம் முழுக்க சுந்தரத்திடம் கொடுத்து இஞ்சினோடு பிரித்துச் சரிசெய்தார். மூடிகளுக்குக் கறுப்புப் பூச்சு என் பொறுப்பு. எல்லா மூடிகளையும் ஒரே நடையில் கொடுத்திருக்கலாம். அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. மூடியைப் பார்க்க வருகிறவர் மூடியைத் தவிர மற்றதெல்லாம் பார்ப்பார்.

இந்த ஜனவரியில், கடைசியாக டைமிங் கவர் என் கையில் இருந்த வாரம், விஜி வந்து நின்றாள்.

"அண்ணா, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். சிரில் என்னைக் கட்டிக்கறேன்னு கேக்கறாரு. அவங்க அக்காவும் ஒத்துக்கிட்டாங்க. ஈஸ்டர் கழிச்சு வெச்சுக்கலாம்னு."

"நல்ல விஷயம் விஜி. வேலைக்கு வருவே இல்ல?"

"அதான் பேஜாரா இருக்கு. அவரு வேணாங்கறாரு. வேற யாருக்காச்சும் கத்துக்குடுத்துட்டுதான் போவேன், நீங்க கவலப்படாதீங்க."

முந்தின மாதம் வரைக்கும் சிரில் சார் என்றவள். சார் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. எனக்கு எதிரே இருக்கும் அந்த ஸ்டூல் காலியாக இருக்கப்போகிறது. அவளை நினைத்தும் கவலைப்பட்டேன். ஏற்கெனவே ஒரு புருஷனைப் பறிகொடுத்தவள். சிரில் சாருக்கு நாற்பது தாண்டிவிட்டது, பழைய வண்டி, பெங்களூர் ரோடு. என்றைக்கோ ஒருநாள் இன்னொரு முறை அழத்தான் போகிறாள். அந்த அழுகை கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிட்டால் துக்கம் பாதியாகக் குறையும். நிதானமாக யோசித்துப் பாருங்கள், உங்களுக்கும் நியாயம் தெரியும்.

டைமிங் கவர் அடுப்பிலிருந்து வந்து ஆறியது. கழுவுவதற்கு மண்ணெண்ணெய் எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை டப்பாவிலேயே திருப்பி ஊற்றிவிட்டேன். திருகைப் போட்டேன். சிவப்புச் சொட்டு வைத்தேன். விஜி தன் இடத்தில் டேப் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் எதையும் செய்யவில்லை சார், செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டேன்.

சுந்தரம் மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா ஃபினிஷிங் மச்சா, மொகம் பாத்து ஷேவ் பண்ணிக்கலாம் போல" என்றான். சிவப்பு காய்ந்துவிட்டதா என்று கட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். அப்படியே பூட்டினான்.

இஞ்சினுக்குள் எல்லாம் புதிது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் வரை நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று சுந்தரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். சிரில் சார் சொன்ன பேச்சுக் கேட்பவர். வேலைக்குப் போகும் வழியில் கடை வாசலில் நிறுத்தி எத்தனை ஓடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். நூற்றுப் பத்து என்பார். இன்னொரு நாள் இருநூற்று நாற்பது என்பார். வராத நாளில் நானே விஜியிடம் விசாரித்துக்கொள்வேன். இப்படி ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் நான் வாயைத் திறந்திருக்கலாம்.

"உங்க கை பட்டதுல இருந்து வெண்ணெ மாதிரி போவுது ராஜேந்திரன்" என்று ஒரு நாள் சொன்னார்.

"இருந்தாலும் மெதுவாவே போங்க சார்" என்றேன். என் பங்குக்கு எச்சரித்துவிட்டேன்.

பிப்ரவரி கடைசியில் ஐந்நூறு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விஜியை ஏற்றிக்கொண்டு கோலாருக்கு, அந்தரகங்கை மலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். முதல் தடவையாக எழுபது, எண்பது என்று ஓட்டிப் பார்க்கலாம் என்று அவருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. சனிக்கிழமை நான் விஜியிடம், ஒரு ஷோரூம் வேலை தலைக்கு மேல் நிற்கிறது, ஞாயிறு வந்தே ஆகவேண்டும் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "பர்வால்லண்ணா, அவரை இன்னொரு நாள் கூட்டினு போகச் சொல்றேன்" என்றாள். அப்படி ஒரு வேலையே இல்லை. பழைய ஸ்கூட்டர் மூடிகளைப் பரணிலிருந்து இறக்கி அவள் முன்னால் அடுக்கினேன். அவள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்பது இதிலிருந்தே உங்களுக்கு விளங்கும். சிரில் சாரும் போகாமல் இருந்திருக்கலாம். தனியாகவாவது ஒரு நடை ஓட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியது அவருடைய முடிவு.

ஹொசகோட்டை தாண்டி இஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. மௌரீனம்மா கடைக்குப் போன் செய்தபோது மணி பதினொன்றே கால். விஜி கையில் இருந்த டேப்பைக் கடைசி வரை ஒட்டி முடித்துவிட்டு, பிறகு தரையில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மௌரீனம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ ஆசையா பண்ணிக் குடுத்தீங்க அந்த வண்டிய. அவன் உங்களப் பத்தியே பேசிட்டிருப்பான்" என்று அழுதார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதேன்.

இஞ்சினைப் பிரித்தவர்கள் பேரிங்கில் கண்ணாடித் தூளைக் கண்டுபிடித்தார்கள். பூட்டியவன் சுந்தரம் என்பதால் அவனைக் கொண்டுவந்தீர்கள். சிவப்பு இருந்தது, நம்பிப் பூட்டினேன் என்றான். அவனை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டீர்கள். நான் கழுவாமல்தான் கொடுத்தேன், நீயே கழுவிக்கொள் என்று சொல்லித்தான் கொடுத்தேன், சிவப்பை அவனே வைத்திருப்பான் என்றேன். மனசறிந்து சொன்ன பொய். சுந்தரம், நான் ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அடுத்த நிமிஷம் திருத்திக்கொள்வேன் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதுவரை எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நான் எதையும் செய்யவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மணிகள் போதுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. சொட்டு வைப்பதற்கு முன்னால், விஜி தெருமுனைக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், புது மணிகளில் ஒரு சிட்டிகை எடுத்து கிரீஸில் குழைத்துத் துளைக்குள் திணித்தேன். கிரீஸ் எதற்கு என்று கேட்பீர்கள். மெதுவாக ஓட்டும் வரை அது பிடித்துக்கொண்டிருக்கும். இஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் இளகி மணிகளை விடும். ஊருக்குள் நாற்பதில் விழுந்தால் ஆள் கையைக் காலை உடைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்வார். விஜி ஆறு மாதம் அவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பாள்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ள ரைட்டர் பேனாவை எடுத்துவிட்டார். அப்படி எழுத வேண்டாம்.

துக்கம் ஆறியதும் விஜி வந்துவிடுவாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் இருந்தேன். வந்தாள், உட்காரவில்லை. சுந்தரத்தின் பெண்டாட்டி பிரசவத்துக்கு வாணியம்பாடி போயிருக்கிறாள், அவனுக்கு இங்கே யாரும் இல்லை, நான்தான் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்றாள். நான்கு நாளாக நானும் நூறடி பின்னால் வந்து, இந்த ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில் டிபன் கேரியரை முந்தானையால் மூடி, சூடு ஆறாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருவாள். உங்கள் கான்ஸ்டபிள் அரை மணி நேரம் நிற்கவைத்தாலும் நிற்பாள். காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டுதான் நகர்வாள். சிரில் சாரிடம் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. சுந்தரத்தைப் பார்த்தபோது தாங்கவில்லை.

நேற்று கடைச் சாவியைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாள்.

"செவப்பு வெச்சது நீங்க. நான் பாத்தேன்" என்றாள். "இல்லாத வேலைக்கு ஞாயித்துக்கிழமை என்னை எதுக்குக் கூப்டீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவள் சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. ஒரு தடவைகூட அண்ணா என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை. மனசுக்கு இதமாக இருந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன், வழி தெளிவாகத் தெரிந்தது. கம்பிக்குள் இருக்கிறவனிடம்தான் அவள் மனசு இளகுகிறது. சுந்தரம் வெளியே போனால் அவனுக்குப் பொங்கிப்போட வாணியம்பாடியில் அவன் பெண்டாட்டி வீடு இருக்கிறது. இந்த ஊரில் யாரும் இல்லாதவன் நான்தான், அது விஜிக்குத் தெரியும். எனவே சிரிலைக் கொன்றது நான், தெரிந்தே, திட்டம் போட்டுச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி சார். மணி பன்னிரண்டாகப் போகிறது, அவள் வரும் நேரம். சுந்தரத்தை விட்டாயிற்று என்று சொல்லிக் கான்ஸ்டபிள் அவளைத் திருப்பி அனுப்பிவிடப் போகிறார். உள்ளே நான் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். முதல் நாள் கொஞ்சம் முறைத்துக்கொள்வாள். நாளையிலிருந்து எனக்காகவே சமைப்பாள், எனக்குக் காரம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும்.