வாசல் மாடியில் இருக்கும் வீடு

வீட்டுக்கு வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லி மூன்று தாள் கொடுத்தீர்கள். நான் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால், படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவார்கள்.

என் பெயர் ஜோஸ்வா. பூதலூரில் இருபது வருஷமாக வீட்டுக்குப் பிளான் வரைந்து கொடுக்கிறேன். முன்பெல்லாம் இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் மாட்டுக்கொட்டகை என்று கேட்பார்கள். இப்போது குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பத்திரிகைப் படத்தைக் கத்தரித்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் கப்பல் மாதிரி மாடி கேட்டார். வரைந்து கொடுத்தேன். நாற்றங்காலுக்கு நடுவே கப்பல் நிற்கிறது, பஸ்ஸில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் ஆசையையே வரைந்துகொண்டிருந்த எனக்கும் ஓர் ஆசை வந்தது. குற்றம் என்று ஒன்று இருந்தால் அது அங்கே ஆரம்பித்தது.

என் மனைவி ஃபிளோரா தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவளோடு படித்த ஃபெபி என்பவள் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய், இரண்டாயிரமாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு ஒரு பார்சல் அனுப்பினாள். எனக்கு அந்த நாட்டுக் கோட்டைகளைப் பற்றி ஒரு படப் புத்தகம். ஃபிளோராவுக்கு ஒரு வேலை விண்ணப்பம். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அவரவருக்கு வந்ததைப் படித்தோம். அவளுடையது நான்கே பக்கம் என்பதால் அவள் முதலில் முடித்துவிட்டாள்.

அந்தக் கோட்டைகளுக்கு நடுவே தடித்த சதுரக் கோபுரம் ஒன்று நிற்கும். கீப் என்று பெயர். வெளிமதில் விழுந்த பிறகு கடைசியாக ஒதுங்குகிற இடம் அது. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் நார்மண்டியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தவர்கள் முதலில் மண்மேடு எழுப்பி மரத்தால்தான் கட்டினார்கள். பிறகு கல்லுக்கு மாறினார்கள். சுவர் பத்துப் பன்னிரண்டு அடி கனம், அடியில் சரிவாக விரியும். கிணறு உள்ளேயே இருக்கும். அம்பு விடும் துளை வெளியே நான்கு விரல், உள்ளே முறம் அகலம். தரைத்தளத்தில் வாசலே கிடையாது. வாசல் மாடியில். ஏறுவதற்கு ஒரு மரப்படி, ஆபத்து வந்தால் அதை எடுத்துவிடலாம். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நூறு வீடு வரைந்தவன் நான், படியை எடுக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

வாய்க்காலை ஒட்டி அப்பா வழியில் வந்த நிலத்தில் வேலையைத் தொடங்கினேன். கொத்தனார் மருதையன் அஸ்திவாரம் முடிந்ததும் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சார், வாசக்கால் எங்க சார் வைக்கறது?"

"பதினோரு அடி மேல."

"அப்ப கீழ?"

"கீழ சுவர்தான்."

அவர் திரும்பி வாய்க்காலைப் பார்த்தார். "வெள்ளத்துக்குப் பயந்துதானே சார்? நல்ல யோசனை" என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்து வேலையைப் பார்த்தார். நல்ல மனுஷர். அவரை இந்த வழக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆற்றங்கரைச் சூளைச் செங்கல்லில் இரண்டடிச் சுவர் எழுப்பினோம். கிணற்றுக்குப் பதில் மேலே தண்ணீர்த்தொட்டி. பிரான்சில் ஒரு கோட்டைக்குள் கழிப்பறைத் துவாரம் வழியாக எதிரி ஏறிவிட்டான் என்று ஒரு கதை புத்தகத்தில் இருந்தது. அதனால் நான் நான்கு அங்குல பிவிசி குழாயோடு நிறுத்திக்கொண்டேன். இரும்புப் படியை நான்கு போல்ட்டில் மாட்டினேன். ஃபிளோரா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காத்து வரணும்ங்க, வயப்பக்கமா ஒரு பெரிய ஜன்னல் வைங்க" என்றாள். பெண்டாட்டி ஆசைப்பட்டுக் கேட்கிறாளே என்று வைத்தேன். கம்பி மட்டும் போடவில்லை. புத்தகத்தில் எந்த ஜன்னலுக்கும் கம்பி இல்லை.

இதற்குள் அவளுக்கு இங்கிலாந்திலிருந்து வேலை உத்தரவு வந்துவிட்டது. இந்த மார்ச் இரண்டாம் தேதி சென்னையில் விமானம் ஏற வேண்டும். ஆபத்து என்றால் வேலோடும் வில்லோடும் வரும் என்று அந்தக் காலத்து ஆட்கள் நினைத்தார்கள். எனக்குத் தபாலில் வந்தது.

பிப்ரவரி பதினேழு ஞாயிறு போதகர் வந்து வீட்டுக்கு ஜெபம் செய்தார். மூச்சு வாங்க ஏறி, "பரலோகத்துக்கு ஏறுறதே சுலபம் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தோம், ஃபிளோரா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் கீழே இறங்கி நான்கு போல்ட்டையும் கழற்றினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னங்க, படி எங்க?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"பழுது பாக்கணும்."

"எப்ப மாட்டுவீங்க?"

"மூணாந்தேதி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரி. அன்று முழுக்கக் கூப்பிட்டாள். ஊர் அரை மைல் தள்ளி இருக்கிறது, சுற்றிலும் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குரல் கம்மியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. கப்பியும் கயிறும் கட்டி, வெந்நீரும் பனங்கற்கண்டும் வாளியில் ஏற்றி அனுப்பினேன். கீழே ஒரு கொட்டகை போட்டு, மூன்று வேளையும் நானே சமைத்தேன். ஞாயிறன்று கறிக்குழம்பு. பாஸ்போர்ட் அவள் பெட்டியில்தான் இருந்தது, அதை நான் தொடவில்லை. அடுத்தவர் பொருளில் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கேட்டவர்களிடம் சென்னைக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்றேன். நான்காம் நாள் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அவள் பெயரில் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். ஐந்தாம் நாள் இங்கிலாந்துக்கு, குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை என்று எழுதினேன். கையெழுத்தும் நானே போட்டேன், கோடு இழுத்துப் பழகிய கைக்கு அது பெரிய வேலையில்லை. இரண்டாவது கடிதம் இங்கிலாந்து போய்ச் சேருவதற்குள் அவளே அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்வி.

தினமும் காலையில் தன் வெள்ளை யூனிபார்மைத் துவைத்து ஜன்னலில் உலர்த்தினாள். பரவாயில்லை, குடித்தனம் படிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பக்கத்து வயல் மங்களாம்பிகை அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. சென்னைக்குப் போனவளுடைய துணி எப்படித் தினமும் ஈரமாகிறது என்று அந்த அம்மாள் யோசித்திருக்கிறார்.

மார்ச் ஒன்று, வெள்ளிக்கிழமை மத்தியானம், நாலைந்து பெண்களோடு வந்தார். "தம்பி, மானம் கருக்குது. வைக்கல உங்க சுவரோரமாப் போட்டுக்கறோம்" என்றார்.

மேற்கே லேசாக மேகம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மழை இருட்டினால் வைக்கோலுக்கு வரப்பு கிடையாது. யார் மேட்டிலும் யாரும் போடலாம், வேண்டாம் என்று சொன்னவனை ஊர் மனுஷனாக மதிக்காது. "போடுங்கக்கா" என்றேன். வாய்க்கால் பக்கத்துப் பள்ளத்தை முதலில் நிரப்பினார்கள். பிறகு ஜன்னலுக்கு நேர் கீழே போர் எழும்பியது. கோட்டையை முற்றுகையிடுகிறவர்கள் அகழியைச் சுள்ளிக்கட்டு போட்டுத்தான் தூர்ப்பார்கள். அந்த அத்தியாயத்தை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். ஆனாலும் வைக்கோல் என்றதும் மாடுதான் நினைவுக்கு வந்தது.

போர் கோணலாக ஏறியது. தொழில் தெரிந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "அடிய அகலப்படுத்துங்கக்கா, சரிஞ்சிரும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் தம்பி. எவ்வளவு ஒசரம் தாங்கும்?"

"இந்த அடிக்குப் பதினாலு அடி தாராளமாத் தாங்கும்."

ஜன்னல் விளிம்பும் பதினாலு அடிதான். அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டு வரலாம் என்று சமையல் கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்தபோது முதலில் பெட்டி விழுந்தது, அப்புறம் ஃபிளோரா. வெள்ளை யூனிபார்மில் இருந்தாள். போர் ஓர் அங்குலம்கூடச் சரியவில்லை. மங்களாம்பிகை அக்கா என் கையிலிருந்த டீயை வாங்கி அவளிடம் கொடுத்தார். நின்றபடி குடித்துவிட்டு, தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, உங்களிடம் புகார் எழுதிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள். அன்று மழையும் பெய்யவில்லை.

புகாரில் உள்ளதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். படியைக் கழற்றியது நான். கடிதங்கள் இரண்டும் நான் எழுதியவை. ஊரில் பொய் சொன்னதும் நான்தான். அடைத்து வைத்தார் என்ற சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கதவை நான் ஒருநாளும் பூட்டவில்லை. பன்னிரண்டு நாளும் திறந்தேதான் கிடந்தது.

இறக்கிவிடச் சொல்லி அவள் கேட்டாளா என்று கேட்டீர்கள். முதல் நாள் கேட்டாள். இரண்டாம் நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு குறை சொல்லவில்லை. கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை.