ரெண்டு வாரக் கஞ்சி

நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். வாய்ல பஞ்சை வச்சுக்கிட்டுப் பேசினா ரத்தம் நிக்காது. அப்புறம் அந்த நர்ஸம்மா வந்து என்னைத்தான் முறைக்கும். மொத்தப் பல்லுமா எடுத்துட்டாங்க? அட பாவமே. எனக்கும் போன வருஷம் அப்படித்தான், மேல கீழ எல்லாம் துடைச்சாச்சு. என் வாயைப் பாத்து பயந்துடாதீங்க, பல்லு செட்டு உள்ள டாக்டர்கிட்ட இருக்கு. அதான் பேச்சு இப்படிக் குழையுது. எச்சி தெறிச்சா மன்னிச்சுக்குங்க.

சாப்பாட்டை நினைச்சுத்தான கவலை? சொல்றேன், கேளுங்க. புண்ணு ஆற மூணு மாசம், அப்புறம் செட்டு. மாட்டினதும் ரெண்டு வாரம் கஞ்சி, மசிச்ச கிழங்கு, அவ்வளவுதான். டாக்டர் எல்லாருக்கும் சொல்றது அந்த ரெண்டு வாரம்தான். அதுக்கப்புறம் எதையும் சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்கிக்கணும். ரெண்டு பக்கமும் சமமா மெல்லணும், ஒரு பக்கமே மென்னீங்கன்னா மறுபக்கம் தூக்கிக்கும். இன்னொண்ணு, சூடு. மேலண்ணத்தை செட்டு மூடிக்கிறதால வாய்ல சூடே தெரியாது, தொண்டைக்குப் போனப்புறம்தான் சுரீர்ங்கும். உதட்டுல வச்சுப் பாத்துட்டுக் குடிங்க.

முன் பல்லால மட்டும் எதையும் கடிச்சுடாதீங்க. நான் தையக்காரன். கத்திரி கையிலயே இருந்தாலும் நூலைப் பல்லாலதான் அறுப்பேன், நாப்பது வருஷப் பழக்கம். செட்டு மாட்டின மறுநாள் ஒருத்தர் சட்டைக்குப் பட்டன் தைச்சுட்டு, அதே நினைப்புல குனிஞ்சு ஒரு கடி. நூல் அறுபடலை, மேல் செட்டு கழண்டு அவர் சட்டைப் பைக்குள்ள விழுந்துடுச்சு. ஆளு எதிர்லயே நிக்கிறாரு. நான் சட்டையை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, நாளைக்கு வாங்கன்னு கையக் காட்டி அனுப்பினேன்.

சிரிக்காதீங்க, தையல் விட்டுடும்.

என்ன, விரலைக் காட்டறீங்க? எத்தனை நாளாச்சுன்னா? செட்டு மாட்டி எட்டு மாசம். இப்பவும் கஞ்சிதான். ஐயையோ, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உங்களுக்கு அப்படி ஆகாது. என் கதை வேற.

எட்டு மாசமா ஏன் மெல்ல முடியலைன்னு கேக்கறதுக்குத்தான் என் வீட்டுக்காரி இன்னிக்கு இழுத்துக்கிட்டு வந்தா. டாக்டர் செட்டைக் கழட்டி வாங்கிக்கிட்டாரு. சமைக்கிறவங்க உள்ள இருக்கட்டும், நீங்க வெளிய உக்காருங்கன்னுட்டாரு. அரை மணி நேரமாச்சு. பேசாம எந்திரிச்சுப் போய்டலாம்னா பல்லு உள்ள மாட்டிக்கிச்சு. பல்லில்லாத வாயோட எந்தத் தெருவுல போய் நிக்கிறது?

ஆமா, வேர்க்குது. ஃபேன் ஓடுறது எனக்கும் தெரியுது.

நீங்கதான் இப்போதைக்கு யார்கிட்டயும் பேச முடியாத ஆளு, அதனால சொல்றேன். செட்டு எனக்குக் கச்சிதமா இருக்குங்க. மூணாவது வாரமே எதை வேணா மென்னேன். மெஷின் டிராயர்ல, பட்டன் டப்பாவுக்குப் பின்னாடி, வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் எப்பவும் இருக்கும். தின்னதும் செட்டைக் கழட்டிக் கழுவிடுவேன். இன்னிக்குக் கழுவறதுக்குள்ள அவ கடை வாசல்ல வந்து நின்னுட்டா. செட்டுக்கு அடியில செக்கச் செவேல்னு கடலைத் தோல் ஒட்டியிருக்கும். அது இப்ப டாக்டரோட லைட்டுக்குக் கீழ இருக்கு, பக்கத்துல அவ நிக்கிறா.

எதுக்குடா இந்த நாடகம்னுதான பாக்கறீங்க.

எனக்கு ஒரே மக. தனக்குப் புடிச்ச பையனைக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. நான் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தேன். தலையைத் தூக்கலை, மெஷினை நிறுத்தலை. துணி முடிஞ்சுபோய் வெறும் ஊசி ஓடுது, அப்பவும் மிதிச்சுக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போய்ட்டா. அன்னியிலிருந்து என் வீட்டுக்காரி என்கூடப் பேசலை. சண்டை கிடையாது, அழுகை கிடையாது. வேளாவேளைக்குத் தட்டு வரும், வச்சுட்டுப் போய்டுவா. பன்னெண்டு வருஷம். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். தப்பு என்னுதுதான், எனக்கே தெரியும். முப்பத்திரெண்டு பல்லும் இருந்தப்ப அந்த வாய் வரலைங்க.

பல்லு எடுத்துட்டு வீட்டுக்குப் போன அன்னிக்குக் கஞ்சி கொண்டாந்து வச்சா. வச்சுட்டுப் போகலை, நின்னா. சூடு போதுமான்னு கேட்டா. மறுநாள் உப்பு சரியா இருக்கான்னு கேட்டா. அப்புறம் பக்கத்துல உக்கார ஆரம்பிச்சா. ஒருநாள் கிண்ணத்தைக் கலக்கிக்கிட்டே, மக வீட்டுல பெரியவனுக்கும் முன் பல்லு ரெண்டும் விழுந்துடுச்சாம், அவனுக்கும் இதேதான் சாப்பாடாம்னு சொன்னா. எனக்குப் பேரன் இருக்கான்னே அப்பதாங்க தெரியும்.

இப்ப நான் எப்படிங்க மெல்ல வருதுன்னு சொல்லுவேன்? மென்னா கஞ்சி நின்னுடும். கஞ்சி நின்னா அவ எழுந்து போய்டுவா.

கதவு திறக்குது. வந்துட்டா.

என்னம்மா, டாக்டர் என்ன சொன்னாரு? என்னது, ஆறு மாசமா? இன்னும் ஆறு மாசத்துக்குக் கஞ்சியேதானா? டாக்டரா சொன்னாரு? சரி, சரி, டப்பாவக் குடு, மாட்டிக்கறேன். உங்க காதோட சொல்றேன், தோலைக் காணோங்க. நல்லாக் கழுவியிருக்கு. ஏம்மா, நீயா கழுவின? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். நீ முன்னாடி நட, வரேன்.

நீங்க பயப்படாதீங்க. உங்களுக்கு ரெண்டு வாரம்தான். டாக்டர் எல்லாருக்கும் அதேதான் சொல்லுவாரு.