பொட்டு வைத்த படம்

ஆயுத பூஜைக்கு மறுநாள், மல்லேஸ்வரத்திலிருந்து மார்க்கெட் போகும் பஸ். முகப்பில் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடவில்லை. என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் மாவு மில்காரரின் மனைவி என்பது பேச்சில் தெரிந்தது. அவர்தான் ஆரம்பித்தார்.

“நேத்து எங்க வீட்டுக்காரரு மிஷினுக்கு வெக்கிறதுக்கு முன்னாடி ஷாக் படத்துக்குத்தான் பொட்டு வெச்சாரு.”

“அது என்ன படம்க்கா?”

“கரண்ட் அடிச்சவனுக்கு எப்படி மூச்சு வர வைக்கிறதுன்னு மில்லு செவுத்துல மாட்டியிருக்கே, அது. ஒருத்தன் குப்புறக் கெடப்பான், இன்னொருத்தன் முதுகை அமுக்குவான். நான் குஸ்திப் படம்னே நெனச்சிருந்தேன்.”

“சரி.”

“போன மாசம் இவருக்கே ஷாக் அடிச்சிடுச்சு. மெயினை அணைச்சாச்சு, ஆனா மூச்சு இல்ல. நான் ஓடி வந்து பாத்தா, ராகி அரைக்க வந்த அம்மா ஒருத்தங்க இவரு முதுகை அமுக்கி அமுக்கி விடறாங்க. அடிக்கிறாங்கன்னு நெனச்சு கையைப் புடிச்சு இழுத்துட்டேன்.”

“ஐயோ.”

“‘அல்லி நோடம்மா’, அங்க பாரும்மான்னு செவுத்தைக் காட்டினாங்க. விட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல இவரு இருமினாரு. வாராவாரம் வரிசையில நிக்கிறப்போ வேற என்னத்தைப் பாக்குறதுன்னு அதையே பாத்துட்டு இருப்பாங்களாம். அவங்களுக்குப் பொடவை எடுத்துக் குடுத்தோம். படத்துக்கு வேற என்ன செய்ய?”

“மாலை போட்டிருக்கலாமேக்கா.”

“நானும் அதான் சொன்னேன். ‘படத்தை மறைக்காதே, வரிசையில நிக்கிறவங்க பாக்கணும்’னுட்டாரு. பொட்டுகூட ஓரத்துலதான் இருக்கு.”