மாவு மில்லோட நின்னுபோன கேபிள்

வெளிய வராதீங்க தம்பி! திரைக்குள்ளயே நில்லுங்க. பேண்ட் என் கையில இருக்கு, நீங்க எங்க போயிடுவீங்க? ஏணியிலருந்து குதிச்சா கிழியாம என்ன செய்யும்... சரி சரி, தச்சுத் தர்றேன். அதுவரைக்கும் நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. ஊரெல்லாம் கேபிள் போட்டீங்க. மாவு மில் சுவரோட நிறுத்திட்டீங்களே, ஏன்? அதுக்கு இந்தப் பக்கம் இருக்கற நாங்கெல்லாம் மனுசங்களா தெரியலையா?

மேல சொன்னாங்களா? ஆமாமா, எல்லாருக்கும் மேல ஒருத்தர் இருக்காரு. அவரு மட்டும் கீழ வரவே மாட்டாரு.

மானியமாம்! கிராமத்துக்கெல்லாம் அதிவேக இன்டர்நெட்டாம்! செலவெல்லாம் கவர்மென்ட்டே பாத்துக்குமாம்! தெருமுனையில போர்டு பாத்தீங்கல்ல? யப்பா, எத்தன மூஞ்சி! அந்த போர்டுக்குப் போட்ட செலவுல எங்க தெருவ கேபிளாலயே சுத்திக் கட்டியிருக்கலாம். தொடக்க விழா வேற. ரிப்பன் வெட்டினாங்க... ரிப்பன் நம்ம கடையோடது, இன்னும் திருப்பித் தரல, அது கிடக்கட்டும்... வெட்டிட்டு, தலைநகரத்துல இருக்கறவங்களோட திரையில பேசப் போறோம்னு வரிசையா உக்காந்தாங்க. திரையில ஒரு வட்டம் சுத்துச்சு. சுத்துச்சு... சுத்திக்கிட்டே இருந்துச்சு. நாங்களும் கை தட்டினோம், எதுக்குன்னு தெரியல.

குளத்தோரம் ஒரு பங்களா பூட்டிக் கிடக்குதே, அங்க போயிருக்கு கேபிள். உள்ள வௌவால் என்ன படம் பாக்குதோ! வீட்டுக்காரர் எப்பவாச்சும் வருவாரு, அதுவும் புல்லு வெட்ட. இங்க வீடு நிறைய ஆள் இருக்கோம், எங்களுக்குக் கிடையாது. இல்ல இல்ல, நான் கோவப்படல. கோவப்பட்டா தையல் கோணும்.

தச்சுக்கிட்டு இருக்கறவளுக்கு இன்டர்நெட் எதுக்குன்னுதானே நினைக்கறீங்க? எனக்கில்ல தம்பி, என் மருமகளுக்கு. கல்யாணம் ஆகி மூணு மாசம். வீட்டுலருந்தே கம்ப்யூட்டர்ல வேல பாக்கற பொண்ணு. இங்க போன்ல ஒரு கோடு கூட ஒழுங்கா நிக்காது. தினமும் நெட் கிடைக்கற லைப்ரரி வாசப்படியில லேப்டாப்ப மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மழ வந்தா ஒரு கையில குடை, ஒரு கையில வேல. தெருநாய் குரைக்கறத மீட்டிங்ல கேட்டுட்டு மேனேஜர் கேட்டாராம், 'உங்க வீட்ல எத்தன நாய் வளக்கறீங்க'ன்னு.

நேத்து முடிவு பண்ணிட்டாங்க. புருசனும் பொண்டாட்டியுமா அவ அம்மா வீட்டுக்கே குடி போறாங்க. டவுன்ல நெட் இருக்குல்ல! சம்பந்தியம்மா கார் எடுத்துட்டு வந்துக்கிட்டே இருக்காங்க. மாடியில கேக்குதா? ஜிப் இழுக்கற சத்தம். பொட்டி கட்டிக்கிட்டு இருக்கா தம்பி. நான் மாமியார்தான், ஒத்துக்கறேன். ஆனா அவ வந்தப்புறம்தான் இந்தக் கடையில சிரிப்புச் சத்தமே கேக்குது. ஊசியில நூல் கோக்க எனக்குக் கண்ணு பத்தல. நான் வாயத் திறந்து கேட்டதில்ல. காலையில கீழ வந்தா எல்லா ஊசியும் கோத்து, வரிசையா குத்தி வெச்சிருப்பா. நாளையிலருந்து யாரு கோப்பா? அந்த மேல இருக்கறவரா?

இந்தாங்க, போட்டுப் பாருங்க. பின்னாடி குண்டூசி குத்தியிருக்கேன், அளவு பாத்துட்டு எடுக்கணும். மறந்துபோய் உக்காந்துடாதீங்க. திரும்புங்க... ம், சரியாத்தான் இருக்கு.

என்ன அது போன்ல? மேப்பா? எங்க தெரு பச்சையா இருக்கே! பச்சைன்னா நல்லதுதானே? ...என்னது? ஏற்கனவே நெட் இருக்கற இடமா? இருக்கற இடத்துக்கு மானியம் வராதா? இருக்குன்னு எவன் சொன்னான்? எந்த நாசமாப் போனவன் சொன்னான்? வீடு வீடா வந்து கேட்டாங்களா? யாரும் வரல தம்பி! நான் இங்கயேதானே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாம...

ஆங். கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. அக்கம்பக்கம் எல்லாம் பூட்டியிருக்கு, நீங்களே தெருவுக்கும் சேத்துச் சொல்லுங்கம்மான்னுச்சு.

அன்னிக்குதான் பொண்ணு குடுக்கலாமான்னு சம்பந்தி வீட்லருந்து வந்திருந்தாங்க. சம்பந்தியம்மா நாற்காலி நுனியில உக்காந்துக்கிட்டு, 'எங்க பொண்ணு வேலைக்கு நெட் வேணுமே, இங்கெல்லாம் வருமா?'ன்னு மூக்கச் சுளிச்சாங்க. சரியா அந்த நேரத்துல வாசல்ல நின்னுக்கிட்டு அந்தப் பொண்ணும் அதையே கேக்குது. நான் வேற என்ன சொல்றது? 'இருக்காவா? பறக்குதும்மா! தெரு பூரா பறக்குது!'ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். உள்ள கேக்கணும்ல.

சிரிக்காதீங்க தம்பி... கல்யாணத்துக்கு அப்புறமா? ரிப்பேர்னு சொல்லி வெச்சிருக்கேன். மூணு மாசமா ரிப்பேர்லதான் இருக்கு.

மாத்தலாமா? நிஜமாவா? இன்னிக்குக் கடைசி நாளா? வீட்டுக்காரங்க வாயால சொன்னாப் போதுமா? அப்ப போன்லயே பதிவு பண்ணுங்க, இப்பவே சொல்றேன். எங்க வீட்ல... இருங்க, கார் சத்தம்.

வாங்க சம்பந்தியம்மா! வாங்க வாங்க, உக்காருங்க. இவரா? இவரு பேண்ட் தைக்க வந்தவரு. என்ன தம்பி? நெட்டா? எங்க வீட்லயா? இருக்கே! என்ன, சின்ன ரிப்பேர்... மத்தபடி பறக்கும்!

அட, போன ஏன் உள்ள வெக்கறீங்க? தம்பி... கிளம்பிட்டீங்களா?

ஏம்மா, அவ்வளவு பெரிய பொட்டிய நீயே தூக்கிட்டு இறங்கற? உன் புருசன் எங்க? இது என்ன டப்பா... ஊசியா? அத்தனையும் கோத்துட்டியா? நீ வர்ற வரைக்கும் எனக்குப் பத்தணும்னா?

தம்பி! ஏய் தம்பி, நில்லுங்க! இல்ல! எங்க வீட்ல நெட் இல்ல! ரிப்பேரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! எப்பவும் இருந்ததில்ல! கேட்டுச்சா சம்பந்தியம்மா? நான் சொன்னது பொய்யி! நல்லா மூக்கச் சுளிச்சுக்கோங்க! தெருவே கேட்டுக்கோங்க, என்னாலதான் உங்களுக்கும் வரல!

திரும்பிக்கூட பாக்கல. வேன்கிட்ட போயிட்டாரு... ஐயையோ, குண்டூசி! எடுக்கவே இல்லையே!

நீ ஓடாதம்மா. பொட்டியக் கீழ வை. கதவத் திறந்துட்டாரு, உக்காரட்டும். தானா திரும்பி வருவாரு.