வாடகை மாணவி

— வாத்தியாரம்மா ஆகுறதுக்கு எழுபதாயிரம், வகுப்புக்கு வரவே வேணாம். இப்படிச் சொல்லித்தான் கோகிலா, எங்க பி.எட். காலேஜுக்கு நூறு பேரைச் சேத்து வுட்டேன். சொன்ன சொல்லு தவறாம ஒருத்தரும் வரல. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருது.

— அதுக்கு நான் இன்னா பண்ணணும் பிச்சைமுத்தண்ணே?

— போன வருசம் பண்ணதேதான். நீலப் பொடவை கட்டிக்கினு முன்பெஞ்சுல உக்காரு. கமிட்டி பாக்குறப்ப எழுந்து ஒரு பாடம் நடத்து. ஐநூறு ரூபா, மதியம் பிரியாணி.

— நான் வரலண்ணே.

— எழுநூறு.

— களை எடுக்கணும். சாமைக் கொல்லை பூரா புல்லு.

— கச்சிராயபாளையத்துல இருந்து பஸ்ல நின்னுக்கினே மலை ஏறி வந்திருக்கேன். ஆயிரம் வச்சிக்கோ. களைக்கு நானே ஆளு அனுப்புறேன்.

— களைக்கு ஆளு இருக்குது, வகுப்புக்கு ஆளு கெடைக்கலையா?

— தலைக்குப் பஞ்சமா? தியாகதுருகத்துல இருந்து கரும்பு வெட்டுற பொம்பளைங்க வேன்ல வராங்க. உக்காருன்னா உக்காருவாங்க. எழுந்து நடத்துன்னா? போன வருசம் நீ நடத்தின பாடத்துக்குத்தான் அங்கீகாரமே வந்துச்சு. நீ இல்லன்னா நாளைக்குக் காலேஜு கேட்டுல பூட்டு. நூறு பேரும் எழுபதாயிரத்தைக் கேட்டுக்கினு என் வூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.

— அங்கயாவது ஒழுங்கா வருவாங்களே.

— சிரிக்காத தாயி, வயிறு எரியுது. கறாரா ஒண்ணு சொல்றேன். பி.எஸ்சி. கணக்கு முடிச்சிட்டு எத்தினி நாளைக்கு மண்ணைக் கிளறிக்கினு இருப்ப? உனக்கே ஒரு சீட்டு. ஒத்தப் பைசா வேணாம்.

— நெசமாவா? அப்ப தெனமும் வரலாமா?

— தெனமுமா? எதுக்கு?

— எப்படிப் பாடம் நடத்துறதுன்னு கத்துக்கத்தான்.

— ஓசி சீட்டு குடுத்து, அதுல பாடம் வேற கத்துக் குடுக்கணுமா? இந்தத் தொழில்ல எல்லாரும் வராம இருக்கறதுக்குத்தான் பேரம் பேசுவாங்க. வர்றதுக்குப் பேரம் பேசுற மொத ஆளு நீதான். அங்க சொல்லிக் குடுக்க யாரு இருக்கா? பேராசிரியருங்களே நாளைக்கு ஒரு நாளு வாடகைக்குத்தான் வராங்க. தலைக்கு மூவாயிரம்.

— அவங்களுக்கும் பிரியாணிதானா?

— அவங்களுக்குக் கறி பீசோட. உங்களுக்குக் கறி இல்லாத குஸ்கா. ஏய், இரு இரு. கணக்குப் பேராசிரியருக்கு இன்னும் ஆளு அமையல. மாணவியா வர மனசு இல்லன்னா பேராசிரியையா வந்து உக்காரேன்.

— பி.எட். படிக்காமலேயேவா?

— படிச்சவங்கதான் வரவே மாட்டேங்கறாங்களே. இன்னா சொல்ற?

— சரி, வரேன்.

— என் வயித்துல பாலை வாத்த. இந்தா, மூவாயிரத்தை இப்பவே புடி.

— பணம் வேணாண்ணே. நெசமான மாணவி ஒருத்தரைக் கூட்டியாந்து என் எதுர்ல உக்கார வைங்க. சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது.

— நெசமான மாணவிக்கு நான் எங்க போவேன்? எந்த ஊர்ல விக்கிது?

— தேடவே வேணாம். போன வருசம் யாரு பேர்ல என்னை நடத்தச் சொன்னீங்க?

— யாரு பேரோ. நிர்மலாவோ என்னவோ. அதுதான் பாஸாகிப் போயிடுச்சே.

— பாஸாகி நேரா எங்க ஊரு இஸ்கூலுக்குத்தான் வந்திருக்குது, தற்காலிக டீச்சரா. ரெண்டை விட நாலு பெருசு, அதனால அரையை விட கால்தான் ஜாஸ்தின்னு ஆறாங்கிளாசுல நடத்திக்கினு இருக்குது. நேத்து என் பொண்ணு வந்து எனக்கே சொல்லிக் குடுக்குது. போன வருசக் கணக்கை எழுதிக்கோங்கண்ணே: வரவு, ஐநூறு ரூபா. செலவு, என் பொண்ணோட சேத்து முப்பது புள்ளைங்க.